வந்து உட்கார்ந்தவர்கள்

மிஷனெரி ராக்லண்டு ஐயர் 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்தார். வயது 43. நுரையீரல் நோய் நெடுநாளாக அவரை அரித்துக்கொண்டிருந்தது. அன்று ரத்தம் பெருக்கெடுத்து, சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. மனைவி, பிள்ளை கிடையாது. வட திருநெல்வேலியில் அவர் கூடாரம் அடித்து ஊழியம் தொடங்கி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் கண்ணால் கண்ட பலன் கொஞ்சம். சபைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் வழக்கமாக மூலைக்கல்லில் தொடங்குவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துச் சபைகளின் கதையை எடுத்தால் ஒரு சாவில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அதுவும் பொருத்தம்தான். துக்க வீடுகளில் இந்தச் சபைகள் செய்துவந்த ஊழியத்தைப் பற்றி எழுதச் சொல்லித்தான் இந்தச் சபை மலரின் குழுவினர் என்னைக் கேட்டார்கள். குருவானவர்களின் வரிசையும் கட்டடச் செலவுக் கணக்கும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் வரும். பண்டிகை, அசனம், கன்வென்ஷன் என்று மேடை போட்டு நடந்தவற்றுக்குப் புகைப்படம் இருக்கிறது. ஒருவர் வீட்டுத் திண்ணையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பம் சபையோடு மூன்று தலைமுறை ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் என்னவென்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் ஒரு சாவைத்தான் சொல்வார்கள். "எங்க அப்பா செத்தப்ப உபதேசியார் வந்தாரு." அவ்வளவுதான் காரணம்.

தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, லிவர்பூலில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் படித்து 1841 கணிதத் தேர்வில் நாலாவதாக வந்தார். 1846 முதல் சென்னையில் சி.எம்.எஸ். மிஷனெரி சங்கத்தின் செயலாளர். அது மேசை வேலை, கடிதமும் கணக்கும். அதை விட்டுவிட்டு 1854-இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளம் குருமாரோடு நம் பக்கம் வந்து சேர்ந்தார். அப்போது விருதுநகர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் திருநெல்வேலிச் சீமையின் வடபாகம். 1910-இல்தான் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனோம், 1985-இல் விருதுநகர். பழைய சபைக் காகிதங்களில் 'வட திருநெல்வேலி' என்று பார்த்து இளையவர்கள் குழம்ப வேண்டாம், அது நாம்தான்.

தெற்கே மெஞ்ஞானபுரம், நாசரேத் பக்கம் மிஷன் வேலை நடந்த விதம் வேறு. அங்கே ஊருக்கு ஊர் ஆலயம், பள்ளிக்கூடம், நிலையான உபதேசியார். இங்கே ராக்லண்டு ஐயர் கைக்கொண்டது பிரயாண ஊழியம். கிழக்கே கரிசல், மேற்கே மலையடிவாரத்துக் கண்மாய்ப் பாசன ஊர்கள். நடுவில் நூற்றுக்கணக்கான கிராமங்கள். ஓர் இடத்தில் கூடாரம் அடிப்பது, சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்து போவது, பிறகு கூடாரத்தைப் பிடுங்கி அடுத்த இடம். சுற்றி முடித்ததும் மறுபடி முதல் ஊர். தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறை வைத்து, தங்கள் காணிக்கைப் பணத்திலேயே, இங்கே அனுப்பிக் கொடுத்தன. இந்தியச் சபை தன் செலவில் வெளியூருக்கு ஊழியரை அனுப்புவது 1903-இல் அசரியா முதலானவர்கள் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தோடு பிறந்தது என்று பேசுவோம். அதற்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே அந்தத் தெற்கத்தி உபதேசிமார் நம் புழுதியில் நடந்திருக்கிறார்கள்.

இந்த முறையின் குறை எல்லாருக்கும் தெரியும்: எங்கேயும் வேர் பிடிக்காது. ஆனால் துக்க வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் எண்ணம். செத்த அன்றைக்கு ஊரே வரும். மூன்றாம் நாள் சொந்தபந்தம் இருக்கும். மூன்றாம் மாதம் யார் வருவார்கள்? ஒருமுறை வந்தவர் சுற்று முடித்துத் திரும்ப அதே வீட்டு வாசலுக்கு வந்து, போனதடவை அழுதுகொண்டிருந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்பது, அந்தப் பிரயாண ஊழியம் நமக்கு விட்டுப்போன பழக்கம். கட்டடமாக எதையும் விட்டுப்போகாதவர்கள் இதை விட்டுப்போனார்கள்.

துக்க வீட்டில் ஜெபத்துக்கு அடுத்த கேள்வி அரிசி. இதை முதலில் கணக்காகவே போட்டுப் பார்த்தவர் பாளையங்கோட்டை ரேனியஸ் ஐயர். 1838-இல் இறந்த அவர், அதற்கு நாலு வருஷம் முன்னால், 1834-இல், உபதேசிமாரின் விதவைகளுக்கென ஒரு நிதிச் சங்கத்தை உண்டாக்கினார். மாதாமாதம் கொஞ்சம் சந்தா. செத்தால் மனைவிக்கு உதவி. பெண்ணுக்குச் சொத்துப் பேச்சே இல்லாத காலம் அது. ஆறுதல் என்றால் வசனம் மட்டும் என்று நினைக்கிறவர்கள் இந்தச் சங்கத்தின் வயதை யோசித்துப் பார்க்கலாம். நம் பக்கத்துச் சபைகளில் பிற்பாடு வந்த பிடியரிசிக் காணிக்கையும் மரண உதவி நிதியும் அந்த வழியில் வந்தவைதான்.

தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை, தமிழகம் முழுக்கச் சாவு. அதன் பின்னாலேயே காலரா. அப்போது திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். கஞ்சி ஊற்றியவரிடம் போகாமல் யாரிடம் போவார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இதை மேலும் நீட்ட இங்கே இடமில்லை.

சடங்கு மாறியதைச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வது? கொட்டு வேண்டாம், நெய்ப்பந்தம் வேண்டாம், பதினாறாம் நாள் கருமாதி வேண்டாம் என்று ஆயிற்று. வேண்டாம் என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த இடத்தில் என்ன வைப்பது? ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தின் அடக்க ஆராதனை தமிழில் வந்தது: 39-ஆம் அல்லது 90-ஆம் சங்கீதம், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரம், குழியருகே மண் போடுதல். கட்டுக்கோப்பான, கண்ணியமான ஒழுங்கு. அதில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது புத்தகத்தில் அச்சாகாத ஒரு மாற்றம். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பது ஊர் வழக்கம். வீட்டு வாசலோடு, மிஞ்சினால் தெருமுனையோடு அவர்கள் நின்றுவிட வேண்டும். கிறிஸ்தவ வீட்டில் மனைவியும் மகளும் கல்லறைத் தோட்டம் வரை வந்தார்கள். பெட்டி இறங்குவதைக் கண்ணால் பார்த்தார்கள். ஒரு பிடி மண்ணைத் தங்கள் கையால் போட்டார்கள். பிறகும் நினைத்தபோது போய் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்க முடிந்தது. இதைப் பற்றி எந்த மிஷனெரியும் பெருமையடித்து எழுதி நான் படித்ததில்லை.

இழந்ததும் உண்டு. அது ஒப்பாரி. மாரடித்து அழுவது நம்பிக்கையற்றவர்கள் செய்கிற காரியம் என்று பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு, நம் பாட்டிமார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதை வைத்துத்தான் அப்படிச் சொல்லப்பட்டது. பவுல் அழவே கூடாது என்று எழுதவில்லை. எழுத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் தெரியும். ஒப்பாரி வெறும் கூச்சலாக இருந்ததே கிடையாது. செத்தவர் என்ன வேலை செய்தார், எந்தக் கிணற்றை வெட்டினார், யாருக்கு என்ன கடன் பாக்கி, மருமகள் எப்படி நடந்துகொண்டாள் என்று ஒரு மனுஷனின் முழு வாழ்க்கையும் அதில் வரும். அதை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே மாதிரி வாசிக்கிற ஓர் ஆராதனையை வைத்தால், செத்தவரின் முகம் மறைந்துபோகிறது.

அந்த இடத்தைக் கீர்த்தனைதான் கொஞ்சம் நிரப்பியது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் முதலானவர்களின் கீர்த்தனைகளைத் தொகுத்து, அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் அச்சிட்டார். ராக்லண்டு ஐயர் கூடாரம் அடிப்பதற்கு முந்தின வருஷம். வெள்ளைக்கார ராகத்தில் அமைந்த பாமாலைப் பாட்டு கோயிலுக்குள் நன்றாக இருக்கும். துக்க வீட்டு முற்றத்தில், நடுராத்திரியில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வருவது கீர்த்தனைதான். அதில் இழுக்கலாம், நிறுத்தலாம், அடியைத் திரும்பத் திரும்பப் பாடலாம், தொண்டை அடைத்தால் பக்கத்திலிருப்பவர் எடுத்துக்கொள்வார். அழுகைக்கு அதில் இடம் இருந்தது. இன்றைக்கும் வயதானவர்கள் வீட்டுச் சாவில் கீபோர்டு வைத்துப் பாடுகிறவர்களைப் பார்க்கிறேன். கீபோர்டுக்காரர் எண்ணிக்கை தப்பாமல் அடிக்கிறார். அழுகிறவர்களால்தான் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

ராக்லண்டு ஐயர் இறந்த அதே 1858-இல், சென்னையில் எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். திருநெல்வேலிக் கரையிருப்பில் பிறந்த வைணவக் குடும்பத்துப் பிள்ளை, கம்பனில் ஊறியவர். பின்னால் 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்தது. அவரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்தான் நினைவுக்கு வரும். மகளைப் பிரிந்த தாயின் குரலில் பெரியாழ்வார் பாசுரம் பாடிய ஊர் இது. வீடு வெறிச்சென்று கிடப்பதைக் கடவுளிடமே முறையிடலாம் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சங்கீதக்காரனும் புலம்பலின் எரேமியாவும் இங்கே வந்தபோது அவர்கள் பேசியது அந்நியமாகப் படாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்றைக்கும் மார்கழியில் விடியற்காலை திருப்பாவை ஒலிபெருக்கியில் வரும்; அதே மாதம் ராத்திரியில் நம் கிறிஸ்துமஸ் கீத பவனி தெருத்தெருவாகப் போகும். அந்த வருஷம் சாவு நடந்த வீட்டு வாசலில் டிரம் நின்றுவிடும். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், வீட்டாரோடு சிறிது நேரம். இனிப்புத் தட்டு நீட்டினால் ஒன்று எடுத்துக்கொள்வது மரியாதை.

நம் பக்கத்து முன்னோடியை உலகத்துக்கு மறுபடி நினைவுபடுத்தியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல். ராக்லண்டு ஐயரின் சரித்திரத்தை அவர் 1922-இல் எழுதி வெளியிட்டார். அதற்கு முந்திய பத்து வருஷத்தில் அவருக்கு நேர்ந்தவற்றைக் கவனிக்க வேண்டும். வழிகாட்டியாக இருந்த வாக்கர் ஐயர் 1912 ஆகஸ்டில் மசூலிப்பட்டணத்தில் இறந்துபோனார். வலதுகையாக இருந்த பொன்னம்மாள் 1915-இல் நோயோடு வெகுநாள் போராடி மறைந்தார். இருவரைப் பற்றியும் அம்மையார் புத்தகம் எழுதினார். அதன் பிறகுதான் ராக்லண்டு. துக்கப்படுகிறவர் செத்தவர்களைப் பற்றி எழுதுவது ஒப்பாரியின் வேறொரு வடிவம் என்று சொன்னால் அம்மையார் ஒத்துக்கொள்வாரோ, என்னவோ. 1951 ஜனவரி 18-இல் அவர் இறந்தபோது கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தபடியால், அவர் வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். கறுப்புக் கிரானைட், லேசர் படம், தங்க எழுத்து என்று நாம் இப்போது போகிற போக்குக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். கல்லுக்காகக் கடன் வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ராஜபாளையத்தில் துக்க வீட்டு ஊழியம் மில்லோடு சேர்ந்து வளர்ந்தது. 1930-களில் பஞ்சாலை வந்தபின் பல ஊர்களிலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் பிழைப்புக்கு வந்து சேர்ந்தன. சொந்த ஊர் தூரத்தில். செத்தால் தூக்கிப்போக வசதியில்லை, இங்கேயே அடக்கம். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் செய்ய வேண்டியதையெல்லாம் சபை செய்ய வேண்டியதாயிற்று: குழி வெட்ட ஆள், பெட்டிக்குத் தச்சர், சொல்லியனுப்ப சைக்கிள். துக்க வீட்டு ஜெபத்துக்கு நேரம் குறிப்பதே ஷிப்டைப் பார்த்துத்தான். முதல் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் ஒரு கூட்டம், ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு கூட்டம். பஞ்சுத்தூசி தலையில் ஒட்டியபடியே வந்து உட்காருவார்கள். துக்க வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள் இல்லையா, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சோறு கொண்டுவருவார்கள். தெலுங்கு பேசுகிற ராஜு வீட்டு அம்மாக்கள் தூக்குவாளியில் ரசஞ்சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜெபம் முடியும்வரை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லாம் ஒற்றுமையாகவே இருந்தது என்று எழுதி மலரை அலங்கரிக்க எனக்கு மனமில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்குச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. திருச்சி மேலப்புதூர்ச் சுவர் ஊரறிந்தது. விதவைக்குப் பூவும் பொட்டும் பற்றிய பேச்சு கிறிஸ்தவ வீட்டில் இல்லை என்போம். கல்யாண வீட்டில் அவளை முன்வரிசைக்குக் கூப்பிடுகிறோமா? தாலி அறுக்கும் சடங்கை விட்டோம், அதன் நிழலை விடவில்லை.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு துக்கம் இருக்கிறது. பட்டாசு ஆலை விபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இப்படிச் சாவு வரும்போது ஒரே தெருவில் நாலு வீடு. முகம் பார்க்க முடியாத உடம்பு. முகம் பார்க்காமல் அடக்கம் செய்தவர்களின் துக்கம் வேறு மாதிரி. வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வீடுகளில் 'தேவ சித்தம்' என்ற வார்த்தையை வாயில் எடுக்கக் கூடாது என்பேன். வெடிமருந்தை அளவுக்கு மேல் குவித்ததும் ஒரே அறையில் அளவுக்கு மேல் ஆட்களை உட்காரவைத்ததும் யாருடைய சித்தம் என்று அவர்களுக்குத் தெரியும்.

யோபுவின் சிநேகிதர்களை நாம் பழித்தே பேசுகிறோம். அவர்கள் வந்தவுடனே ஏழு நாள், ஏழு ராத்திரி தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை ஒரு குறையுமில்லை. வாய் திறந்தபிறகுதான் கெட்டது. லாசருவின் வீட்டிலும் பார்க்கிறோம்: இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறவர், அதைத் தெரிந்தே, கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். உயிர்த்தெழுதலின் நம்பிக்கை கண்ணீரை நிறுத்துகிற மருந்து என்று அங்கே எழுதியில்லை. ஒரு வீட்டில், மகனைப் பறிகொடுத்த அம்மாவைப் பார்த்து ஒரு பிரசங்கியார், "சாட்சி கெட்டுப்போகும், அழாதேம்மா" என்றார். அந்த அம்மா அழுகையை நிறுத்தினாள். கோயிலுக்கு வருவதையும் நிறுத்தினாள். அவளைத் திரும்ப அழைத்து வந்தவர் பேசத் தெரிந்தவர் அல்ல. கீரை ஆய்ந்துகொடுத்துக்கொண்டு, சாயங்காலம் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மூத்த சகோதரி. மகனைப் பற்றி அந்த அம்மா சொன்ன ஒரே கதையை எத்தனை தடவை சொன்னாலும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்.

இந்த ஊழியத்தின் அருமையை நமக்குக் கொரோனா காட்டியது. சாவு வீட்டில் 20 பேருக்கு மேல் கூடாது என்றார்கள். பிளாஸ்டிக்கில் சுற்றிய உடம்பு ஆம்புலன்சிலிருந்து நேராகக் குழிக்குப் போனது. சென்னையில் 2020 ஏப்ரலில் தொற்றால் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்யப் போனவர்களைக் கல்லெறிந்து விரட்டினார்கள். அவர் விரும்பிய கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மறு அடக்கம் செய்ய அவர் மனைவி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஒழுங்கான அடக்கம் என்பது உயிரோடிருப்பவர்களுக்கு எவ்வளவு தேவை என்பதற்கு அந்த வழக்கே சாட்சி. நம் பக்கத்தில் போனில் ஜெபித்தோம், ஜூமில் பாடினோம். ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் 2021 முடிவில் கட்டுப்பாடு தளர்ந்தபோது, ஒரு வருஷத்துக்கு முந்திய சாவுக்குக்கூட ஆட்கள் வீடு தேடிப் போனார்கள். போன வீடுகளில் அன்றைக்குத்தான் செத்ததுபோல் அழுகை. யாரும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவுமில்லை.

இப்போது இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் ஐக்கியத்தார் செய்கிறார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களே அதிகம். மாடிப்படி ஏற முடியாதவர்களும் அதில் இருக்கிறார்கள். சாவு நடந்த நாளை நோட்டில் குறித்துவைத்து, முதல் மாதம், முதல் கிறிஸ்துமஸ், முதல் வருஷம் என்று போய் வருகிறார்கள். நவம்பர் 2-இல் கல்லறைக்கு வெள்ளையடிக்க ஆளில்லாத குடும்பங்களுக்கு வாலிபர் சங்கத்தை அனுப்புவதும் அவர்கள்தான். ஐ.டி. வேலைக்குப் பெங்களூர் போன பிள்ளைகள் அடக்கத்துக்கு வந்து மூன்றாம் நாளே கிளம்ப வேண்டியிருக்கிறது. அதன்பின் அந்த வீட்டில் தனியாக இருக்கும் தகப்பனையோ தாயையோ பார்க்க வருகிற ஒரே ஆட்கள் இந்த நோட்டுக்காரர்கள் என்பது பல தெருக்களில் நிலவரம். வாலிபர் இரண்டு மூன்று பேர் அவர்களோடு சேர்ந்து போனால் நல்லது. பேசத் தெரிய வேண்டும் என்று அவசியமில்லை, பைக் ஓட்டத் தெரிந்தால் போதும்.

கடைசியாக ஒரு வேலை. பழைய அடக்கப் பதிவேடுகளில் பெயர், வயது, தொழில், சாவின் காரணம், அடக்கம் செய்த குருவானவர் என்று பத்தி பத்தியாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் அடுத்தடுத்த நாளில் பிள்ளைகள், பேறுகாலத்தில் தாய், பேதியில் தகப்பன் என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவச் சபைகளின் உண்மையான சரித்திரம் இப்படிப்பட்ட ஏடுகளில்தான் கிடக்கிறது. தாள் தொட்டால் உதிர்கிறது. அவற்றைப் படம் பிடித்து, பெயர்வாரியாகப் படியெடுத்து வைக்க வேண்டும். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் சேகர அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். சனிக்கிழமை பிற்பகலில் உட்கார மேசை உண்டு. மின்விசிறி மட்டும் கொஞ்சம் சத்தம் போடும்.